"மஞ்சக்காமாலை வந்திருக்கா?" - ரத்த வங்கிக் கேள்விகளின் கதை

ரத்ததான முகாமுக்குப் போனவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். ஊசி குத்துறதுக்கு முன்னாடி கையில ஒரு ஃபாரம் கொடுப்பாங்க. மஞ்சக்காமாலை வந்திருக்கா, சமீபத்துல பச்சை குத்தினீங்களா, ஆபரேஷன் நடந்ததா, மாத்திரை ஏதும் சாப்பிடறீங்களான்னு வரிசையா கேள்விகள். நாமளும் இல்லை, இல்லை, இல்லைன்னு மேலிருந்து கீழே வரை டிக் அடிச்சு, கையெழுத்துப் போட்டுட்டு கட்டில்ல போய்ப் படுத்துடுவோம். அந்த ஃபாரத்தை முழுசா படிச்சவங்க எத்தனை பேர், கை தூக்குங்க பார்ப்போம் :-)

நம்ம அம்பத்தூர், ஆவடி பக்கம் முகாமுக்குப் பஞ்சமே இல்லை. எஸ்டேட் கம்பெனிகள்ல நடக்கும், காலேஜ்ல நடக்கும், தலைவர் பிறந்தநாள், நடிகர் பிறந்தநாள்னா கல்யாண மண்டபத்துல நடக்கும். அத்தனை இடத்துலயும் இதே ஃபாரம், இதே "இல்லை". ஒருத்தர் தன்னைப் பத்தி தானே சொல்ற இந்த "இல்லை"யை எவ்வளவு தூரம் நம்பலாம்? இந்தக் கேள்விகள் எப்போ, எதுக்காக வந்துச்சு? கொஞ்ச நாளா இதைப் பத்தித் தேடித்தேடிப் படிச்சதோட விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

டெஸ்ட் இருக்கும்போது கேள்வி எதுக்கு?

நியாயமான சந்தேகம். எடுக்குற ஒவ்வொரு யூனிட்டையும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியான்னு அஞ்சுக்கும் சோதிக்கணும்னு நம்ம நாட்டுச் சட்டம் சொல்லுது. எச்.ஐ.வி. சோதனை 1989-ல கட்டாயமாச்சு, ஹெபடைடிஸ் சி 2001-ல சேர்ந்தது. அப்புறம் எதுக்கு வாய்க் கேள்வி?

காரணம், கிருமி உடம்புக்குள்ள வந்த அன்னிக்கே டெஸ்ட்ல தெரியாது. எலிசா மாதிரி சோதனைகள் தேடுறது கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்குற எதிர்ப்புப் பொருளை. அது உருவாக எச்.ஐ.வி. விஷயத்துல சுமார் மூணு வாரம் ஆகும். கிருமியோட மரபணுவையே தேடிப் பிடிக்கிற 'நாட்' சோதனைன்னா இது பத்து நாள் அளவுக்குக் குறையும். ஆனா பூஜ்யம் ஆகாது. அந்த இடைவெளியில ரத்தம் கொடுத்தா டெஸ்ட் "நெகட்டிவ்"னு சொல்லும், ரத்தத்துல கிருமி இருக்கும். அந்த ஓட்டையை அடைக்கிற ஒரே பொருள், கொடுக்க வந்தவரோட வாய்வார்த்தைதான். அதனாலதான் இவ்வளவு மிஷின் வந்த பிறகும் ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனைக் கேள்வி கேட்க வேண்டியிருக்கு.

காசு வாங்கினவன் உண்மை சொல்வானா?

இதை முதல்ல பெரிசா கேட்டவர் ரிச்சர்ட் டிட்மஸ்ங்கிற பிரிட்டிஷ் பேராசிரியர். 1970-ல அவர் எழுதின 'தி கிஃப்ட் ரிலேஷன்ஷிப்' புத்தகம், ரத்தத்தை இலவசமா வாங்குற பிரிட்டனையும், நிறைய இடத்துல காசு கொடுத்து வாங்கிட்டிருந்த அமெரிக்காவையும் ஒப்பிட்டுது. அவரோட வாதம் ரொம்ப எளிமையானது. ரத்தத்தை விக்க வர்றவனுக்கு, தன்னோட நோயை மறைக்க ஒரு காரணம் இருக்கு. உண்மையைச் சொன்னா அன்னிக்குக் கூலி போச்சு. சும்மா கொடுக்க வர்றவனுக்கு அந்தக் காரணம் இல்லை. அதாவது பொய் சொல்றது ஆளோட குணம் மட்டும் இல்லை, ஆஸ்பத்திரி ரத்தம் வாங்குற முறையே பொய்யை உண்டாக்குதுன்னார். 1978-ல இருந்து அமெரிக்காவுல ஒவ்வொரு ரத்தப் பையிலயும் 'காசு வாங்கியவர் கொடுத்தது', 'தானமாகக் கொடுத்தது'ன்னு எழுதி ஒட்டணும்னு விதி வந்துச்சு.

நம்ம ஊர்ல? 1986-ல சென்னை மருத்துவக் கல்லூரியில டாக்டர் சுனிதி சாலமனும் அவரோட மாணவி டாக்டர் நிர்மலாவும் சேர்ந்துதான் இந்தியாவுல முதன்முதலா எச்.ஐ.வி.யைக் கண்டுபிடிச்சாங்க. சென்னையில எடுத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில சோதிச்சதுல ஆறு பேருக்கு இருந்தது. அப்போ நாடு முழுக்க ரத்த வியாபாரம் கொடிகட்டிப் பறந்துக்கிட்டிருந்த காலம். 1990-ல ஏ.எஃப்.ஃபெர்குசன்ங்கிற நிறுவனம் அரசாங்கத்துக்காக ஒரு ஆய்வு பண்ணுச்சு. நாட்டுல இருந்த 1018 ரத்த வங்கிகள்ல 616-க்கு லைசென்ஸே இல்லை! ரிக்‌ஷா ஓட்டுறவங்க, வேலை இல்லாதவங்க, போதைக்கு அடிமையானவங்க எல்லாம் மாசத்துக்கு அஞ்சாறு தடவை ரத்தம் விக்கிறாங்கன்னு அந்த அறிக்கை சொல்லுச்சு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டியதை மாசம் அஞ்சு தடவை கொடுக்குறவர் கிட்ட "கடைசியா எப்போ கொடுத்தீங்க?"ன்னு கேட்டா என்ன பதில் வரும்? நேத்துன்னா சொல்வார்?

இதை எதிர்த்து 'காமன் காஸ்' அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. 1996 ஜனவரி 4-ல தீர்ப்பு. ரத்தம் விக்கிறதை ரெண்டு வருஷத்துக்குள்ள ஒழிக்கணும்னு கோர்ட் சொல்ல, 1998 ஜனவரி 1 முதல் அது தடைசெய்யப்பட்டது. டிட்மஸ் புத்தகத்துல சொன்னது நம்ம நாட்டுல சட்டமாக 28 வருஷம் ஆச்சு.

கேள்வி வேலை செஞ்ச கதை

இப்போ கொஞ்சம் அமெரிக்கா போயிட்டு வருவோம். காசு வாங்காம கொடுக்குறவங்க உண்மை சொல்றாங்களான்னு அளந்து பார்த்தது அவங்கதான்.

1983 மார்ச் 4. எயிட்ஸ்னா என்னன்னே சரியாத் தெரியாத நேரம், டெஸ்டும் கிடையாது. ஆபத்து அதிகமுள்ளவங்க தயவுசெய்து ரத்தம் கொடுக்காதீங்கன்னு அமெரிக்க அரசு கேட்டுக்கிச்சு. பெரும்பாலும் ஒரு நோட்டீஸ், அவ்வளவுதான். படிச்சுட்டு நீங்களே விலகிக்கணும். டெஸ்ட் வந்தது 1985 மார்ச்சுல. நடுவுல இருந்த அந்த ரெண்டு வருஷம் என்ன ஆச்சு? சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தை வச்சுப் பின்னாடி கணக்குப் போட்டுப் பார்த்தாங்க. 1982 கடைசியில நூறு யூனிட்டுக்கு ஒண்ணுக்கு மேல (சுமார் 1.1 சதவீதம்) எச்.ஐ.வி. இருந்திருக்கு. படிக்கும்போதே பகீர்னு இருந்தது. ஆனா நோட்டீஸ் கொடுக்க ஆரம்பிச்ச பிறகு, டெஸ்ட் வர்றதுக்கு முன்னாடியே அந்த அளவு கணிசமா இறங்கிடுச்சு. அதாவது கேள்விக்கு மனுஷங்க உண்மையா பதில் சொன்னாங்க. வெறும் காகிதம் உயிர்களைக் காப்பாத்தியிருக்கு.

நியூயார்க் ரத்த மையம் இன்னும் ஒரு படி மேல போச்சு. கூட வந்த நண்பர்கள், ஆபீஸ் ஆளுங்க முன்னாடி "நான் கொடுக்க மாட்டேன்"னு எழுந்து போறது கஷ்டம் இல்லையா? அதனால எல்லாரும் ரத்தம் கொடுக்கட்டும், ஆனா ஒரு ரகசியச் சீட்டுல 'இதை நோயாளிக்கு ஏத்தலாம்', 'ஆராய்ச்சிக்கு மட்டும் வச்சுக்குங்க'ன்னு ரெண்டுல ஒண்ணை டிக் அடிக்கட்டும்னு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. மானமும் போகாது, நோயாளிக்கும் ஆபத்து இல்லை. டெஸ்டுகள் நல்லா முன்னேறின பிறகு இதனால பெரிசா பிரயோஜனம் இல்லைன்னு பல இடங்கள்ல விட்டுட்டாங்க. ஆனாலும் அந்த யோசனைக்குப் பின்னாடி இருந்த மனசு எனக்குப் பிடிச்சிருக்கு. 'ஏன் பொய் சொல்றான்'னு திட்டாம, 'எப்படிக் கேட்டா உண்மையைச் சொல்லுவான்'னு யோசிச்சிருக்காங்க.

அப்புறம் 1993-ல ஒரு பெரிய ஆய்வு நடந்து, 1997-ல வெளியாச்சு. ஏற்கெனவே ரத்தம் கொடுத்தவங்களுக்குப் பெயர் போடாத கேள்வித்தாளைத் தபால்ல அனுப்பினாங்க. 34,726 பேர் பதில் போட்டாங்க. அதுல 1.9 சதவீதம் பேர், அதாவது பத்தாயிரத்துக்கு 186 பேர், கடைசியா ரத்தம் கொடுத்தப்போ தங்களை விலக்கி வச்சிருக்க வேண்டிய ஏதோ ஒரு விஷயம் இருந்ததா ஒத்துக்கிட்டாங்க. நேர்ல சொல்லாததைப் பெயர் இல்லாத காகிதத்துல சொல்லியிருக்காங்க.

நூத்துக்கு 98 பேர் நேர்மை. மீதி ரெண்டு பேர்? அதுலயும் எல்லாரும் கெட்டவங்க இல்லை. சிலர் கேள்வியைச் சரியாப் படிக்கலை, சிலர் 'அது இருபது வருஷம் முன்னாடி, இப்போ என்ன'ன்னு விட்டிருப்பாங்க, சிலர் கூச்சம். இன்னொரு வகையும் உண்டு: எச்.ஐ.வி. டெஸ்ட் பண்ணிக்க நேரா போக வெக்கப்பட்டு, ரத்தம் கொடுத்தா ஃப்ரீயா டெஸ்ட் ஆகிடும்னு வர்றவங்க. உண்மையைச் சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்களே, அதனால சொல்ல மாட்டாங்க.

நம்ம ஊர் "இல்லை"

அமெரிக்காக்காரன் தபால்ல கேட்டதை நம்ம முகாம்ல வச்சுப் பாருங்க. பக்கத்து நாற்காலியில உங்க சூப்பர்வைசர். பின்னாடி வரிசையில மச்சான், மாமா, தெருப் பசங்க. எதிர்ல மேஜையில உட்கார்ந்திருக்கிறவர், கூட்டம் ஜாஸ்தியானதால உரக்கக் கேட்கிறார்: "தப்பான பழக்கம் எதுவும் இருக்கா தம்பி?" நானே ஒரு முகாம்ல என் காதால கேட்ட கேள்வி இது. இதுக்கு யாராவது "ஆமாங்க இருக்கு"ன்னு சொல்லி நீங்க பார்த்திருக்கீங்களா?

கவனிங்க, அது நோயைப் பத்தின கேள்வியே இல்லை. நீ நல்லவனா கெட்டவனாங்கிற கேள்வி. கேட்ட விதத்துலேயே பதிலும் முடிவாயிடுது. தனியா, ரகசியமா கேட்கணும்னு 2017-ல தேசிய ரத்தமாற்றுக் குழுமம் வெளியிட்ட கொடையாளர் தேர்வு வழிகாட்டு நெறிகள் சொல்லுது. கல்யாண மண்டபத்துல ஒரே நாள்ல இருநூறு பேரைப் பார்க்கும்போது அது காகிதத்துலேயே நின்னுடுது.

இன்னொண்ணு சொந்தக்காரங்க கணக்கு. ஆபரேஷனுக்கு ரெண்டு யூனிட் வேணும், ஆள் கூட்டிட்டு வாங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டா, மருமகன் என்ன பண்ணுவான்? மாமனார் படுத்திருக்கார், மச்சினன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து நிக்கிறான். அங்கே போய் "எனக்கு ஒரு பிரச்சினை இருக்கு, நான் கொடுக்கக் கூடாது"ன்னு சொன்னா மறுநாள் குடும்பம் முழுக்கப் பேச்சு. காசுக்கு விக்கிறதை 1998-ல ஒழிச்சாச்சு. ஆனா டிட்மஸ் சொன்ன 'மறைக்க ஒரு காரணம்' ஒழியலை. காசுக்குப் பதிலா மானம் வந்து உட்கார்ந்துக்கிச்சு.

உண்மை தெரிஞ்சா என்ன ஆகும்?

அந்த பயம் வெறும் கற்பனை இல்லைங்க. சென்னையிலேயே நடந்த ஒரு கதை சட்டப் புத்தகங்கள்ல இருக்கு. 1995-ல வெளிமாநிலத்துக்காரர் ஒருத்தர், சிகிச்சைக்கு வந்த உறவினருக்குத் துணையா சென்னை வந்தார். நோயாளிக்கு ரத்தம் வேணும்னதும் கொடுத்தார். சோதனையில எச்.ஐ.வி.ன்னு தெரிஞ்சது. விஷயம் வெளியே போச்சு, நிச்சயமான கல்யாணம் நின்னுச்சு, ஊரை விட்டே போக வேண்டி வந்துச்சு. 'மிஸ்டர் எக்ஸ் எதிர் ஹாஸ்பிட்டல் இசட்'ங்கிற பேர்ல பிரபலமான வழக்கு. 1998 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம், மருத்துவமனை சொன்னதுல தப்பில்லைன்னு சொன்னதோட நிக்காம, அவருக்குத் திருமணம் செய்யும் உரிமையே நிறுத்தி வைக்கப்பட்ட மாதிரின்னும் சொல்லிடுச்சு. 2002 டிசம்பர்ல வேற அமர்வு, அந்தக் கருத்துகள் தேவையில்லாததுன்னு சொன்ன பிறகுதான் அது விலகுச்சு.

ரத்தம் கொடுக்கப் போனவரோட வாழ்க்கையே தலைகீழாப் போன கதை இது. இதை ஒருத்தன் கேள்விப்பட்டா, ஃபாரத்துல என்ன டிக் அடிப்பான்?

இதுக்கு நேர் எதிர்ப்பக்கமும் ஒண்ணு இருக்கு. ஆரம்ப காலத்துல நம்ம நாட்டுல ரத்தத்துல எச்.ஐ.வி. தெரிஞ்சா, பையைத் தூக்கி அழிச்சுடுவாங்க. கொடுத்தவர்கிட்ட சொல்லணும்ங்கிறது கொள்கையிலேயே இல்லை. 2002-ல வந்த தேசிய ரத்தக் கொள்கைக்குப் பிறகுதான், விருப்பப்படுற கொடையாளருக்குச் சொல்லி ஆலோசனைக்கு அனுப்புற முறை வந்துச்சு. அதுவும் எல்லா இடத்துலயும் நடந்துச்சான்னா, அங்கதான் சாத்தூர் வருது.

சாத்தூர், 2018

நியாபகம் இருக்கும் உங்களுக்கு. 2018 நவம்பர் 30-ல சிவகாசி அரசு மருத்துவமனையில ஒரு பத்தொன்பது வயசுப் பையன் உறவுக்காரப் பெண்ணுக்காக ரத்தம் கொடுத்தான். அந்த யூனிட் அவங்களுக்குத் தேவைப்படாம, சாத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போய், டிசம்பர் 3-ல ரத்தசோகை இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஏத்தப்பட்டது. அவங்களுக்கு எச்.ஐ.வி. தொற்றிடுச்சு.

பேப்பர்ல வந்ததும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பையன் ஏன் மறைச்சான்?" மறைக்கலைங்க. அவனுக்கே தெரியாது. 2016-ல ஒரு முகாம்ல அவன் ரத்தம் கொடுத்தப்பவே சோதனையில எச்.ஐ.வி. தெரிஞ்சிருக்கு. அவனுக்கு யாரும் சொல்லலை. ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி ஃபாரத்துல "இல்லை"ன்னு எழுதினா, அது பொய்யா? அவனைப் பொறுத்த வரைக்கும் அது சுத்தமான உண்மை. ரெண்டு வருஷமா உடம்புல இருக்குற கிருமிக்கு நான் மேலே சொன்ன மூணு வார இடைவெளிக் கதையும் பொருந்தாது. ஒழுங்கா டெஸ்ட் பண்ணியிருந்தா அந்த யூனிட் வங்கியை விட்டு வெளியே போயிருக்காது.

விஷயம் எப்படித் தெரிஞ்சது? வெளிநாட்டு வேலைக்காக மெடிக்கல் டெஸ்ட் எடுத்தப்போ அவனுக்கு எச்.ஐ.வி.ன்னு தெரிஞ்சுது. உடனே அவனே வந்து, 'என் ரத்தத்தை யாருக்கும் ஏத்தாதீங்க'ன்னு ரத்த வங்கிக்குச் சொன்னான். அதுக்குள்ள ஏத்தியாச்சு. சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. தகவல் வெளியான சில நாள்லேயே அவன் தற்கொலைக்கு முயன்று, டிசம்பர் 30-ல மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில இறந்துட்டான்.

அந்தப் பெண்ணுக்கு 2019 ஜனவரியில குழந்தை பிறந்துச்சு. குழந்தைக்குத் தொற்று இல்லைன்னு பிறகு உறுதியாச்சு. அதுவரைக்கும் நல்ல செய்தி. 25 லட்ச ரூபாய் இழப்பீடு தரணும்னு 2019 ஜூலையில உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டுது. அதே 2018 டிசம்பர்ல நம்ம பூந்தமல்லி பக்கத்து மாங்காட்டைச் சேர்ந்த ஒரு பெண்ணும், நகரத்துல ஒரு அரசு மருத்துவமனையில ஏத்தின ரத்தத்தால தனக்கு எச்.ஐ.வி. வந்ததாப் புகார் சொன்னாங்க. மருத்துவமனை தரப்புல மறுத்தாங்க.

இந்த மொத்தக் கதையிலயும் சுயமா, யாரும் கேட்காம, தன் உடம்பைப் பத்தி உண்மையைச் சொன்ன ஆள் அந்தப் பையன் ஒருத்தன்தான். கொடையாளர் சொல்றதை நம்ப முடியாதுன்னு சொல்லிட்டிருக்கோம். இங்கே நம்ப முடியாமப் போனது ரத்த வங்கி. சோதிச்சவங்க சொல்லலை, சோதிக்க வேண்டியவங்க ஒழுங்கா சோதிக்கலை.

இன்னொரு வேடிக்கையும் இருக்கு. 2014 அக்டோபர்ல இருந்து 2016 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க 2,234 பேருக்கு ரத்தம் ஏத்தினதால எச்.ஐ.வி. வந்ததா ஒரு தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வந்து பெரிய சத்தம் கிளம்புச்சு. உடனே தேசிய எயிட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு என்ன சொல்லுச்சு தெரியுமா? அந்த எண்ணிக்கை நோயாளிகள் தாங்களாச் சொன்னது, சோதிச்சு உறுதி செஞ்சது இல்லைன்னுச்சு. நியாயமான விளக்கம்தான். ஆனா ரத்தம் வாங்கும்போது சுயமாச் சொல்றதை நம்புறோம், நோய் வந்த பிறகு சுயமாச் சொன்னா ஆதாரம் கேட்கிறோம்.

கேள்வியை மாத்தினவங்க

சில நாடுகள் கேள்வியையே மாத்திட்டாங்க. முன்னெல்லாம் "நீ யார்?"னு கேட்டுக் கூட்டம் கூட்டமா விலக்குவாங்க. 2021 ஜூன்ல பிரிட்டனும், 2022-ல கனடாவும், 2023-ல அமெரிக்காவும் "சமீபத்துல என்ன நடந்தது?"ன்னு ஒவ்வொருத்தரையும் ஒரே மாதிரி கேட்குற முறைக்கு வந்துட்டாங்க. நம்ம 2017 நெறிகள், திருநங்கைகளையும் ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களையும் மொத்தமா விலக்குச்சு. இதை எதிர்த்து 2021-ல உச்ச நீதிமன்றத்துல வழக்குப் போட்டாங்க. மருத்துவ ரீதியா ரெண்டு பக்கமும் வாதம் இருக்கு. ஆனா ஒண்ணு மட்டும் தெளிவு: தன்னை யாருன்னு சொன்னா வாசல்லேயே நிறுத்திடுவாங்கன்னு தெரிஞ்சா, வந்தவர் அதைச் சொல்ல மாட்டார். அப்புறம் அந்தத் தடையால யாருக்கும் பாதுகாப்பு இல்லை.

நான் படிச்சவரைக்கும் எனக்குப் புரிஞ்சது இதுதான். ஃபாரத்துல இருக்குற "இல்லை"யோட மதிப்பு எழுதினவரோட நேர்மையில பாதிதான் இருக்கு. மீதி, அவருக்குத் தன்னைப் பத்தி என்ன தெரியும், சொன்னா அவர் என்ன இழப்பார்ங்கிறதுல இருக்கு. அந்த ரெண்டும் கேட்கிறவங்க கையில இருக்கு. மேஜைக்கு நடுவுல ஒரு திரை, மெதுவா ஒரு குரல், சோதனையில ஏதாவது தெரிஞ்சா தேடிப்போய்ச் சொல்ற ஒரு ஆள். மிஷின் வாங்குற காசு ஆகாது இதுக்கு.

நம்ம பக்கத்துல செய்யக்கூடியதும் கொஞ்சம் இருக்கு:

1. முகாம் நடத்துற நண்பர்களே, எத்தனை யூனிட்னு போட்டி போடாதீங்க. கேள்வி கேட்கிற மேஜையைக் கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போடுங்க.

2. கொடுக்காம எழுந்து வர்றவங்களைக் கிண்டல் பண்ணாதீங்க. "நைட் ஷிஃப்ட், தூக்கம் இல்லை"ன்னு சொன்னா அதோட விட்டுடுங்க.

3. டெஸ்ட் பண்ணிக்கணும்னா ரத்தம் கொடுக்கப் போகாதீங்க. அரசு மருத்துவமனைகள்ல நம்பிக்கை மையம் இருக்கு. இலவசம், ரகசியம். 1097-க்கு போன் பண்ணினாலும் சொல்வாங்க.

4. கொடுத்துட்டு வந்த பிறகு ஏதாவது ஞாபகம் வந்தா, காய்ச்சல் வந்தாலும் சரி, உடனே ரத்த வங்கிக்குச் சொல்லுங்க. யூனிட்டை எடுத்து வச்சுடுவாங்க. சொன்னதுக்காக யாரும் உங்களைக் குத்தம் சொல்லக் கூடாது. சொன்னா, குத்தம் அவங்க மேல.

பி.கு: இதைப் படிச்சுட்டு ரத்தம் கொடுக்கப் பயந்துடாதீங்க. கொடுக்குறதால உங்களுக்கு எந்த நோயும் வராது, ஊசி புதுசு. அடுத்த தடவை அந்த ஃபாரத்தை மட்டும் ஒரு ரெண்டு நிமிஷம் முழுசாப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. உங்க முகாம் அனுபவத்துல கேள்வியை எப்படிக் கேட்டாங்கன்னும் சொல்லிட்டுப் போங்க.